கடற்கரை லைஃப்கார்ட் வேலை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

2024 கோடையில், யூனிவர்சிட்டி இரண்டாம் ஆண்டு முடிந்த கையோடு, இங்கிலாந்தின் கென்ட் கரையில் மார்கேட்டைச் சுற்றியுள்ள கடற்கரைகளில் லைஃப்கார்டாக வேலை செய்தேன். அன்றிலிருந்து பிறந்தநாள் விழாவோ கோயில் மண்டபமோ, எங்கே சாப்பிட இருந்தாலும் யாராவது பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் பாதி இந்த வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு. பின்பாதி பிள்ளைகளோடு கடலுக்குப் போகும் எல்லோருக்கும். நேரமில்லை என்றால் பின்பாதியை மட்டுமாவது வாசியுங்கள்.

உது என்ன வேலை பிள்ளை? கதிரையில இருந்து கடலைப் பாக்கிறதுக்குச் சம்பளம் தருவினமோ?

ஓம், பார்ப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் அப்படிப் பார்ப்பது லேசில்லை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தண்ணீருக்கு மேலே தெரியும் தலைகளை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுமுன் அந்த நீலத் தொப்பிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்களே, இப்போது ஒருவர்தானே நிற்கிறார், மற்றவர் எங்கே? இந்தக் கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் அப்படிப் பார்த்தால் கண்ணும் மூளையும் களைத்துப்போகும். அதனால்தான் ஆள் மாறி ஆள் இருப்போம்.

நீந்திப் போய் ஒருவரை இழுத்து வருவது வேலையின் கடைசிப் பங்கு. மீதி எல்லாம் அந்த நிலை வராமல் பார்ப்பது: விசில் ஊதுவது, கரையோடு நடந்துபோய்க் கதைப்பது, "இந்தப் பக்கம் ஆழம், கொஞ்சம் அங்காலே போங்கோ" என்று ஒரே வசனத்தை நாளுக்கு நூறு தடவை சொல்வது.

ஆர் இந்த வேலை தருவினம்? கவுன்சிலோ?

இங்கிலாந்தில் பெரும்பாலும் ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கிய தொண்டு நிறுவனம் அது. புயலில் கப்பலுக்கு உதவப் போகும் மீட்புப் படகுகளால் பெயர் பெற்றது. கடற்கரை லைஃப்கார்ட் சேவையை 2001இல்தான் ஆரம்பித்தார்கள். இப்போது 240க்கு மேற்பட்ட கடற்கரைகளில் இருக்கிறார்கள். செலவில் ஒரு பங்கை அந்தந்த ஊர்க் கவுன்சில் தருகிறது. சில இடங்களில் கவுன்சிலே நேரடியாக ஆள் எடுப்பதும் உண்டு.

கோடை வேலைதானே, ஜூனில் கேட்போம் என்று இருக்காதீர்கள். விண்ணப்பம், சோதனை எல்லாம் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலுமே நடந்துவிடும். வயது 16 ஆகியிருந்தால் போதும்.

நல்லா நீந்தத் தெரிஞ்சா காணுமோ?

காணாது. எவ்வளவு கெதியாக நீந்துகிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். 400 மீற்றரை ஏழரை நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அதில் முதல் 200 மீற்றர் மூன்றரை நிமிடத்துக்குள். பிறகு 25 மீற்றர் தண்ணீருக்கு அடியில் போய், உடனே மேலே வந்து 25 மீற்றர் நீந்தித் திரும்ப வேண்டும், இரண்டும் சேர்த்து 50 விநாடிக்குள். கடைசியாக மணலில் 200 மீற்றர் ஓட்டம், 40 விநாடிக்குள்.

உங்கள் ஊர் நீச்சல் குளம் 25 மீற்றர் என்றால் 400 மீற்றர் என்பது 16 தடவை. ஒரு தடவைக்கு 28 விநாடி கிடைக்கும். கேட்க லேசாக இருக்கும், எட்டாவது தடவையில்தான் தெரியும். நான் முதன்முதலில் நேரம் பார்த்தபோது ஒன்பது நிமிடம் இருபது விநாடி. ஏழரைக்குள் கொண்டுவர ஐந்து மாதம் எடுத்தது. கிழமைக்கு மூன்று நாள், காலை ஆறரைக்கு. ஓட்டம் இன்னும் மோசம். ரோட்டில் ஓடிப் பழகிய காலை மணல் பிடித்து இழுக்கும்.

நான் லெஷர் சென்டர் பூலில லைஃப்கார்ட். அந்த சேர்டிபிகேட்டோட கடலுக்குப் போகலாமோ?

முடியாது. குளத்துக்கு வேறு தகுதி, கடற்கரைக்கு வேறு தகுதி. ஆர்.எல்.எஸ்.எஸ்., எஸ்.எல்.எஸ்.ஜி.பி. என்ற இரண்டு அமைப்புகள் கடற்கரை லைஃப்கார்ட் சான்றிதழ் தருகின்றன. நான் ஈஸ்டர் லீவில் ஆர்.எல்.எஸ்.எஸ். சான்றிதழைச் செய்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

குளத்தில் தண்ணீர் அசையாது, அடி தெரியும், ஆழம் சுவரில் எழுதியிருக்கும். கடலில் காலையில் இடுப்பளவு இருந்த இடத்தில் பின்னேரம் ஆள் தாழும். அதைப் படிக்கத்தான் அந்தத் தனிப் பயிற்சி. மற்றபடி குளத்தில் வேலை செய்தவர்களுக்கு முதலுதவியும் ஆட்களைக் கவனிக்கும் பழக்கமும் ஏற்கெனவே வந்திருக்கும், அது பெரிய உதவி.

ஸ்டூடண்ட் விசாவில வந்திருக்கிறன் அக்கா. சமருக்கு ஃபுல்டைம் செய்யலாமோ?

பட்டப்படிப்பு மாணவர் என்றால் பாடம் நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணி நேரம், யூனிவர்சிட்டியின் விடுமுறைக் காலத்தில் முழுநேரம். இதில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. மாஸ்டர்ஸ் செய்பவர்களுக்குக் கோடை பொதுவாக விடுமுறை கிடையாது. வகுப்பு இல்லாவிட்டாலும் ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம் என்பதால் அதுவும் படிப்புக் காலமாகவே கணக்கு. அந்த மூன்று மாதத்தில் 20 மணி நேரத்தைத் தாண்டினால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். உங்கள் யூனிவர்சிட்டியின் சர்வதேச மாணவர் பிரிவில் கடிதம் மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி சொன்னான் என்று போக வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு வரும்? மிஞ்சுமோ?

மணிக்கணக்குச் சம்பளம், நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டித்தான் இருக்கும். பணக்காரராக இந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. மிஞ்சுவதும் மிஞ்சாததும் எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோர்ன்வால் போன்ற சுற்றுலாக் கரைகளில் ஜூலை, ஓகஸ்டில் அறை வாடகை நெஞ்சை அடைக்கும். அங்கே வேலை செய்பவர்களில் பலர் பழைய வானுக்குள் மெத்தை போட்டுப் படுத்துக் கோடையைக் கழிக்கிறார்கள். நான் கென்ட்டைத் தேர்ந்ததே பெரியம்மா வீடு அங்கே இருந்ததால்தான். வாடகை இல்லை, இரவில் சோறும் கறியும். அதனால் எனக்கு மிஞ்சியது.

ஒரு நாள் எப்பிடிப் போகும்?

காவல் நேரம் பொதுவாகக் காலை 10 முதல் மாலை 6 வரை. அதற்கு முன்பே போய் வானிலை, காற்று, கடல் வற்றும் பெருகும் நேரம் பார்த்து, ஒரு தடவை தண்ணீருக்குள் இறங்கி அடிமணல் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் கொடியை நடுவோம். ஒட்சிசன் சிலிண்டர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர், வோக்கிடோக்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கடல் ஏறவும் இறங்கவும் கொடிகளையும் கூடவே தூக்கி நகர்த்துவோம். நாளில் ஒரு மணி நேரமாவது நீச்சல் அல்லது மீட்புப் பலகைப் பயிற்சி.

நல்ல வெயில் நாளில் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தவை: பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகள் மூன்று பேர், காலில் கண்ணாடி வெட்டு ஒன்று, வீவர் என்ற முள் மீன் குத்து இரண்டு, வெயிலில் மயங்கிய பாட்டி ஒருவர். மழை நாளில் யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் நாங்கள் ஜாக்கெட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு வெறுங்கடலைப் பார்த்தபடி நிற்போம். அந்த நாட்கள்தான் நீளம்.

பொம்பிளைப் பிள்ளையை உப்பிடி விடலாமோ? உடுப்பு எப்பிடி? கறுத்தெல்லோ போவாள்?

உடுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். மஞ்சள் மேற்சட்டை, சிவப்புக் காற்சட்டை. நீச்சலுக்கு உடம்பை மூடும் வெட்சூட் போடலாம், குளிருக்கு எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். தனியாக ஒருவரை விடமாட்டார்கள், எப்போதும் குழுவாகத்தான் வேலை. என் குழுவில் ஐந்து பேரில் இரண்டு பேர் பெண்கள்.

கறுத்தேன், ஓம். ஒக்டோபரில் பழையபடி வந்துவிட்டது. ஆனால் எங்கள் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது பிழை. எனக்கு மூக்கும் தோளும் உரிந்தது. எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாத சன்கிரீமை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள்.

ஒராள் தாழுறார் எண்டா கத்துவார்தானே? அப்ப உங்களுக்கு ஏன் இவ்வளவு உத்துப் பாக்க வேணும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம் என்றால் இதை வைத்திருங்கள். தாழ்பவர் கத்தமாட்டார். கத்துவதற்கு மூச்சு வேண்டும், அவருக்கு மூச்சு எடுக்கவே நேரமில்லை. கையையும் ஆட்டமாட்டார். இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமத்திக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், ஏணியில் ஏறுவதுபோல. தூரத்தில் இருந்து பார்த்தால் சும்மா நின்று வானத்தைப் பார்ப்பதுபோலத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

ஜூலையில் ஒருநாள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு குடும்பம் பந்து விளையாடிக்கொண்டிருந்தது. ஏழு வயதுப் பெடியன் ஒருவன் அவர்களிடமிருந்து மூன்று மீற்றர் தள்ளி, சின்னப் பள்ளம் ஒன்றுக்குள் கால் வைத்துவிட்டான். தலைமயிர் கண்ணை மூடியிருந்தது, அதை ஒதுக்க அவன் கையைத் தூக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறி தட்டியது. தண்ணீருக்குள் இருக்கும் எந்தப் பிள்ளையும் கண்ணில் விழுந்த மயிரை ஒதுக்கும். ஓடிப்போய்த் தூக்கினேன். தகப்பன் திரும்பிப் பார்த்து "என்ன நடந்தது?" என்றார். அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறது என்றால் உடனே திரும்பிப் பாருங்கள்.

கொடி எல்லாம் என்ன கணக்கு? எனக்கு எல்லாம் ஒண்டுதான்.

மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் குளியுங்கள், எங்கள் கண் அங்கேதான் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தால் அது சர்ஃப் பலகை, கயாக் விடும் பகுதி, அங்கே குளிக்கக் கூடாது. முழுச் சிவப்பு என்றால் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். செம்மஞ்சள் நிறத்தில் காற்றுப் பை ஒன்று தொங்கினால் காற்றடித்த மெத்தை, மிதவைப் பொம்மை எதையும் இறக்காதீர்கள்.

அதென்ன, பிள்ளையள் விளையாடுற மெத்தையிலயுமோ பயம்? கடல் தட்டையாத்தானே கிடக்குது.

தட்டையாகக் கிடப்பதுதான் ஆபத்து. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரத் தண்ணீர் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். மெத்தையோ மிதவை அன்னமோ அந்தக் காற்றுக்குப் பாய் விரித்ததுபோலப் போகும். மார்கேட் பிரதான கடற்கரை வடக்கே பார்த்தது. தென்மேற்குக் காற்றுத்தான் இங்கே வழக்கம், அதாவது பெரும்பாலான நாட்களில் காற்று பிள்ளையைக் கடலுக்குத்தான் தள்ளும். நான் பலகையில் கையால் வலித்துக்கொண்டு போய் எடுத்த முதல் ஆள், இளஞ்சிவப்பு மிதவையில் இருந்த பத்து வயதுப் பிள்ளை. அவளுக்கு நீந்தத் தெரியும், அதனால் தாயார் கவலைப்படவில்லை. மிதவையை விட்டுவிட்டு நீந்தி வரவும் பிள்ளைக்கு மனமில்லை, பிறந்தநாளுக்குக் கிடைத்ததாம்.

மிதவைப் பொம்மை குளத்துக்கானது. கடலுக்குக் கொண்டுவராதீர்கள்.

நாங்கள் கடல்கரையில பிறந்து வளந்த ஆக்கள். எங்களுக்கோ கடலைப் பற்றிச் சொல்லித் தாறியள்?

இதைக் கேட்டவர் என் அம்மம்மாவின் ஊர்க்காரர், வல்வெட்டித்துறை. அதே ஊரில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பியவர். எங்கள் ஆட்களுக்குக் கடல் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அந்த ஆனந்தனும் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோதுதான் உயிரிழந்தார். இது வேறு கடல் என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

முதலாவது குளிர். யாழ்ப்பாணக் கடல் 28 பாகை அளவில் இருக்கும். இங்கே மே மாதத்தில் வெயில் 25 பாகை கொளுத்தினாலும் தண்ணீர் 12 பாகைதான். 15 பாகைக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்பாட்டில் "ஹக்" என்று மூச்சை உள்ளே இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் போகும். நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும். எவ்வளவு நல்ல நீச்சல்காரருக்கும் இது நடக்கும். ஒன்று ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த ஒன்றரை நிமிடத்தைத் தாண்டத்தான் வழி தெரிய வேண்டும்.

இரண்டாவது வற்றும் பெருக்கும். யாழ்ப்பாணத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட வராது. மார்கேட்டில் அது நாலு மீற்றர் அளவுக்கு வரும், வேறு சில கரைகளில் அதைவிடக் கூட. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பெருக்கு மிகவும் உயரும். ஆடி அமாவாசை விரதமும் பள்ளிக்கூட லீவும் ஒரே நேரத்தில் வருவதை யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் முழுகிய நினைப்பில் இங்கே இறங்கினால் நிலைமை வேறு. பக்கத்துப் பொட்டனி பே (Botany Bay) கடற்கரையின் வெண்பாறைகளைச் சுற்றி வற்றில் நடந்து போனவர்கள், திரும்பும்போது வழி முழுக்கத் தண்ணீராகி நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தேன்.

கேம்பரில என்ன நடந்தது? அது நீந்தத் தெரியாததாலயோ?

2016 ஓகஸ்ட் 24. கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் லண்டனிலிருந்து போன ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் இறந்தார்கள். அன்று அங்கே லைஃப்கார்ட் இல்லை. அடுத்த வருடக் கோடையிலிருந்து ஆர்.என்.எல்.ஐ. லைஃப்கார்ட்கள் அங்கே நிற்கிறார்கள். எனக்கு அப்போது 12 வயது. செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகவே இல்லை. நான் இந்த வேலைக்குப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமா தெரியாதா என்று கதைப்பதில் எனக்கு விருப்பமில்லை, அவர்களின் தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது மிகத் தட்டையான மணல். வற்றில் கடல் வெகுதூரம் போய்விடும். நடுவில் மணல் திட்டுகள், அவற்றுக்கு இடையில் பள்ளமான வாய்க்கால்கள். முழங்கால் தண்ணீரில் திட்டின்மேல் நின்று பந்தடிக்கலாம், ஒரு பயமும் தெரியாது. பெருக்குத் தொடங்கும்போது தண்ணீர் முன்னால் இருந்து மட்டும் வராது. பின்னால் இருக்கும் வாய்க்கால்தான் முதலில் நிறையும். கரைக்குத் திரும்பும்போது நடந்து வந்த வழியில் ஆழம் இருக்கும். இப்படிப்பட்ட கரைக்குப் போனால் வற்று எத்தனை மணிக்கு முடிகிறது என்று போனில் பார்த்து, அதற்கு முன்பே திரும்பி நடவுங்கள்.

ரிப் எண்டுறது சுழியோ? ஆளை அடிக்கு இழுக்குமாமே?

சுழி இல்லை, அடிக்கும் இழுக்காது. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அப்படி ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து கடலை நோக்கி ஓடும் நீரோட்டம்தான் ரிப். அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாக இருப்பதால் பலர் அதைத்தான் நல்ல இடம் என்று தேடிப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஜோஸ் பே (Joss Bay) கடற்கரையில் அலை நாட்களில் பார்க்கலாம்.

மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள். ஒலிம்பிக் வீரரே தோற்றுப்போகும் வேகம் அதற்கு வரலாம். நிற்க முடிந்தால் நடவுங்கள். முடியாவிட்டால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேறுங்கள். அதற்கும் பலமில்லை என்றால் மிதந்துகொண்டு ஒரு கையைத் தூக்குங்கள். தூக்கிய கையைக் கண்டால் நாங்கள் வருவோம்.

மிதக்கிறது எண்டு லேசாச் சொல்லுறியள். பயத்தில எப்பிடி மிதக்கிறது?

தலையைப் பின்னால் சாயுங்கள், காது இரண்டும் தண்ணீருக்குள் போக வேண்டும். காது நனையட்டும் என்று விட்டால்தான் வாய் மேலே நிற்கும். கை கால்களைக் கொஞ்சம் அகட்டி, உள்ளங்கையால் மெதுவாகத் தண்ணீரைத் தள்ளுங்கள். கால் தாழ்ந்தால் பரவாயில்லை, பலருக்குத் தாழும். மேலே சொன்ன அந்த ஒன்றரை நிமிடம் போய் மூச்சு சீரானதும் கூப்பிடுங்கள் அல்லது நீந்துங்கள். உடுப்போடு விழுந்தாலும் இதுவே வழி. உடுப்புக்குள் அடைபட்ட காற்று முதலில் தூக்கிப் பிடிக்கும்.

என்ர பிள்ளை தாழுது, பக்கத்தில லைஃப்கார்ட் இல்லை. தகப்பன் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?

இதை என்னிடம் கேட்ட அண்ணா கோபத்தோடுதான் கேட்டார். கோபம் நியாயம். ஆனால் காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போன கதைகள் இந்த நாட்டுக் கரைகளில் நிறைய. தாழ்பவர் கையில் அகப்பட்டதைப் பிடித்து ஏறுவார், அது உங்கள் கழுத்தாக இருக்கும். அதனால்தான் பயிற்சி எடுத்த எங்களையே மிதவை இல்லாமல் ஆளுக்குக் கிட்டப் போக விடுவதில்லை.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. 999க்கு அடித்து "கோஸ்ட்கார்ட்" என்று கேளுங்கள். கத்துங்கள்: "மல்லாந்து மித, காலை அடிக்காதே!" தமிழிலேயே கத்துங்கள், அம்மா அப்பாவின் குரல்தான் அந்த நேரத்தில் பிள்ளைக்கு ஏறும். மிதக்கும் எதையும் எறியுங்கள். கம்பத்தில் தொங்கும் வளையம், பந்து, மூடியை இறுக்கிய வெற்றுப் பெரிய போத்தல், சாப்பாடு கொண்டுவந்த கூல்பொக்ஸ். வெளியே எடுத்த பிறகு மூச்சில்லை என்றால் முதலில் ஐந்து தடவை வாயில் ஊதுங்கள், பிறகு 30 நெஞ்சு அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும்வரை. எழும்பி இருந்து கதைத்தாலும் தண்ணீர் குடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஜெலிமீன் கடிச்சா மூத்திரம் விடச் சொல்லுவினமே?

வேண்டாம். வினாகிரியும் வேண்டாம். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதை வங்கி அட்டை விளிம்பால் சுரண்டி எடுத்து, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணி நேரமாவது வைத்திருங்கள். வீவர் மீன் குத்துக்கும் சூட்டு நீர்தான். அது மணலுக்குள் புதைந்து கிடக்கும் சின்ன மீன், மிதித்தால் முள் ஏறும். வெறுங்காலோடு இறங்காவிட்டால் அந்த வலியே இல்லை.

ஆறு மணிக்கு நீங்கள் போன பிறகுதானே சனமில்லாமல் வடிவாக் குளிக்கலாம்?

பழைய மாணவர் சங்கம் பஸ் பிடித்து வரும் நாளில் இதுதான் வழக்கம். மூன்று மணிக்குக் கொத்து ரொட்டி, ஐந்தரைக்கு நெட்போல், ஆறரைக்குக் கடல். நாங்கள் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது எதிரே குடும்பம் குடும்பமாகத் தண்ணீருக்குப் போவார்கள். எனக்குக் கால் நகராது. ஓகஸ்ட் பாங்க் ஹொலிடே ஒன்றில் வேலை முடிந்து உடுப்பு மாற்றிய பிறகும் எட்டு மணிவரை சீமெந்துத் திட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிப்பை மத்தியானத்துக்கு மாற்றுங்கள், சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடித்தவர் எந்த நேரமும் இறங்க வேண்டாம்.

வெள்ளைக்காரர் உன்ர சொல்லுக் கேட்டவையோ? எங்கட ஆக்கள் கேட்டவையோ?

வெள்ளைக்காரர் கேட்பார்கள், சீருடைக்கு அந்த மரியாதை உண்டு. எங்கள் ஆட்களிடம் ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு அங்கேயே நிற்பார்கள். ஒருநாள் முழு உடுப்போடு, பேரனைத் தோளில் வைத்தபடி, கொடிக்கு வெளியே நெஞ்சளவுத் தண்ணீரில் ஓர் ஐயா. இரண்டு தடவை விசில் ஊதியும் அசையவில்லை. கிட்டப் போய் "ஐயா, பின்னால பள்ளம் இருக்கு, பேரனோட இஞ்சால வாங்கோ" என்றேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "பிள்ளை தமிழோ?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். கரைக்கு வந்ததும் எனக்கு ஒரு றோல்ஸ் தந்தார். அந்தக் குடும்பத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் அன்று முழுவதும் கொடிக்குள்ளேயே நின்றார்கள்.

எனக்கு 34 வயசு, நீந்தவே தெரியாது. லைஃப்கார்ட் கதையெல்லாம் எனக்கெதுக்கு?

லைஃப்கார்ட் ஆவதற்கு மேல் வயதெல்லை இல்லை, மேலே சொன்ன நேரத்துக்குள் நீந்தினால் போதும். அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் மிதக்கப் பழகுங்கள். பெரும்பாலான ஊர் நீச்சல் குளங்களில் பெரியவர்களுக்கு வகுப்பு இருக்கிறது, பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரமும் பல இடங்களில் உண்டு.

என் அம்மா 51 வயதில் தொடங்கினார். முதல் நான்கு கிழமை காது நனையக் கூடாதென்று தலையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு தடவையும் தாழ்ந்தார். ஐந்தாவது கிழமை, லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு காதைத் தண்ணீருக்குள் விட்டார். நான் முதுகுக்குக் கீழே வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். நூற்றுப்பத்து வரை போனது.